வீரம் யார் வீட்டுச் சொத்து?

கரிசலில் பருத்தி விளையும், வண்டலில் நெல் விளையும். மண்ணுக்கு மண் குணம் வேறு; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மனிதனுடைய வீரமும் அப்படித்தான், சில குலங்களில் மட்டுமே அது பிறக்கும், பிற குலங்களில் பிறக்கவே பிறக்காது என்று ஓர் அரசாங்கம் பட்டியல் எழுதியது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாளங்களைக் கட்டியது, பட்டாளங்களைக் கலைத்தது, எத்தனையோ குடும்பங்களின் சோற்றிலே கை வைத்தது. பட்டியலுக்குப் 'போர்க்குலங்கள்' என்று பெயரும் சூட்டியது.

பட்டியல் எழுதிய வெள்ளையன் 1947-இல் கப்பலேறிவிட்டான். பட்டியல் கப்பலேறிவிட்டதா? அதைத்தான் இன்று கேட்கிறோம். கேட்பதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்வோம். ஏனெனில் அந்தப் பட்டியலில் முதலில் அடிபட்ட பெயர்களில் ஒன்று மதராஸ் சிப்பாயின் பெயர்.

இந்தியப் பட்டாளத்தின் பிறப்பிடம் எது? டில்லியன்று, லாகூரன்று. கடலூரும் சென்னையும்தான். 1748-இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்ற ஆங்கில அதிகாரி கடலூருக்கு அருகே செயின்ட் டேவிட் கோட்டையில் வந்திறங்கினான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளைக் காத்துக்கொண்டிருந்த காவற்காரர்களைச் சிப்பாய்களாக்கும் வேலை அப்போதுதான் தொடங்கியது. சிதறிக் கிடந்த கம்பெனிகள் 1758-இல் பட்டாலியன்களாயின. இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்வது அந்த 1758-ஐத்தான். அந்தச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தலைவனாக இருந்தவன் யார்? இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த யூசுப்கான். மக்கள் 'கான்சாகிபு' என்றும் 'மருதநாயகம்' என்றும் சொல்கிறார்களே, அவன்தான். கம்பெனிக்காகக் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தான். மதுரையைத் தானே ஆளத் துணிந்தபோது, 1764 அக்டோபரில் அதே கம்பெனியார் அவனைத் தூக்கிலே போட்டார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிப்பாய்கள் நம் நாட்டின் விடுதலைக்காகப் போரிடவில்லை. கூலிக்காகப் போரிட்டார்கள். கொள்ளை கம்பெனிக்கு, மாதச் சம்பளம் சிப்பாய்க்கு. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்ட படையிலும், 1801-இல் மருதிருவரை வேட்டையாடிய படையிலும் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். அதைப் பெருமை என்று பாட நாம் தயாராக இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: மழை பொய்த்த சீமையிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவன் குற்றவாளியா, அவன் பசியைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு தேசத்தையே விலைக்கு வாங்கியவன் குற்றவாளியா? ஆலைத் தொழிலாளி நெய்த துணியை எவன் எந்த விலைக்கு விற்றானோ, அந்தப் பாவம் தறியிலே நின்றவனைச் சேராது. சிப்பாயும் அன்று ஒரு தொழிலாளிதான்.

தொழிலாளி என்றால் என்றைக்காவது ஒரு நாள் நிமிர்ந்து நிற்பான். சிப்பாயும் நின்றான். 1805 நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்றார்கள். மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். அடித்தவன் மதம் பார்க்கவில்லை, அடிபட்டவர்களும் பார்க்கவில்லை. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை எரிமலையானது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை அடக்கினான். பிடிபட்டவர்களில் சுமார் 100 பேரை விசாரணையே இல்லாமல் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். எழுந்து நின்ற 3 பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன. கவர்னர் பெண்டிங்கும், சேனாதிபதி கிராடக்கும் பதவியிழந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். இது மீரட்டில் வெடித்த 1857 புரட்சிக்கு 51 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி!

எதிர்த்தபோது இப்படி. ஏவியபோது எப்படி? 1803-இல் அசாயே போர்க்களத்தில் வெல்லெஸ்லிக்கு வெற்றி தேடித் தந்தவர்களில் மதராஸ் பட்டாலியன்களும் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் நிற்கும் யானை அந்த அசாயே யானைதான். 1824-இல் பர்மா யுத்தம் வந்தது. அதே ஆண்டு வங்காளத்துப் பாரக்பூரில், பர்மாவுக்குப் புறப்பட மறுத்துச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். மதராஸ் சிப்பாய் கப்பலேறி ரங்கூனில் இறங்கினான். திரைகடல் ஓடிய இனம் அன்றோ!

1857-இல் மதராஸ் சேனையில் காலாட்படை ரெஜிமெண்டுகள் மட்டும் 52. அடுத்த 70 ஆண்டுகளில் அத்தனையும் எங்கே போயின?

1857 வரையில் கம்பெனியின் பெரிய படையான வங்காளப் படையில் அயோத்திச் சீமைப் பிராமணரும் ராஜபுத்திரருமே ஏராளம். அவர்களைப் போன்ற வீரர் இல்லை என்று அதிகாரிகள் மெச்சினார்கள். 1857-இல் அவர்கள் புரட்சி செய்தார்கள். உடனே அந்த வட்டாரத்தில் ஆள் எடுப்பது அருகிப்போனது. புரட்சியை அடக்க உதவிய பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டியலின் உச்சிக்குப் போனார்கள். தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள்! 1856-இல் வீரனாக இருந்தவன் 1858-இல் வீரம் கெட்டுப்போனானா? ஒரே இரத்தம், ஒரே ஊர், ஒரே குலம். மாறியது எது? விசுவாசம் மாறியது. ஆகவே பட்டியல் அளந்தது வீரத்தையன்று. எசமானுக்கு யார் அடங்குவார்கள் என்பதைத்தான் அது அளந்தது.

மதராஸ் சேனையில் பெரும்பகுதி 1857-இல் எழவில்லையே, அப்படியிருந்தும் அவனை ஏன் ஒதுக்கினார்கள்? அடுத்த பயம் வடமேற்கே ருஷ்யாவிடமிருந்து வந்தது. எல்லைக்கு அருகில் பஞ்சாப் இருந்தது. போர் அங்கே, பதவி உயர்வு அங்கே, பதக்கம் அங்கே. கெட்டிக்கார ஆங்கில அதிகாரிகள் வடக்கே ஓடினார்கள். தெற்கே சிப்பாய்க்குக் கோட்டை வாசற் காவலும் கஜானாக் காவலும்தான் மிச்சம். அந்த நேரத்தில் வந்தார் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை மதராஸ் சேனைக்குத் தளபதி, பிறகு 1893 வரை இந்தியச் சேனை முழுமைக்கும் தளபதி. தென்னாட்டில் நெடுங்காலம் அமைதி நிலவியதால் தென்னாட்டான் போர்க்குணத்தை இழந்துவிட்டான் என்பது அவருடைய தீர்ப்பு.

அமைதியால் இழந்தான் என்றால் அது பிறப்பின் குற்றமாகாதே! பழக்கமின்மையின் குற்றமல்லவா? தறியைப் பூட்டிவைத்துத் துருப்பிடிக்க விட்டவன் முதலாளி. நெசவாளிக்கு நெய்யத் தெரியாது என்று சொல்பவனும் அதே முதலாளி! இந்த நியாயம் ஆலைவாசலில் நாம் கேட்டுப் பழகிய நியாயம்தானே?

தீர்ப்பைத் தொடர்ந்து தண்டனை வந்தது. 1882-இல் 8 மதராஸ் ரெஜிமெண்டுகளைக் கலைத்தார்கள். பின்னர் சிலவற்றில் மதராஸ் எண் மட்டும் இருக்க, உள்ளே இருந்த தென்னாட்டாரை அனுப்பிவிட்டுப் பஞ்சாபியரை நிரப்பினார்கள். முதல் உலகப்போர் முடிந்து 1922-இல், எஞ்சியவற்றைச் சேர்த்து '3-வது மதராஸ் ரெஜிமெண்ட்' என்று பெயர் வைத்தார்கள். சிக்கனம் என்று காரணம் காட்டி 1928-க்குள் அதையும் இழுத்து மூடினார்கள். சிக்கனக் கத்தரிக்கோல் எந்தக் காலத்திலும் முதலில் யார் துணியை வெட்டும் என்பது உழைப்பாளிக்குத் தெரியாதா?

பட்டியலை ஆதரிப்போர் கையில் வைத்திருக்கும் ஒரு சீட்டு உண்டு: தாங்கா. 1914 நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காத் துறைமுகத்தில் சுமார் 8000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியது. எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக்கிடம் இருந்தவர்கள் சுமார் 1000 பேர். அந்தப் போரில் 63-வது பாளையங்கோட்டை ரெஜிமெண்ட் சிதறி ஓடியது. மெய்தான், மறைக்கவில்லை. ஆனால் அதே தாங்காவில் முதல் நாள் தாக்குதலில் பின்வாங்கிய படைகளில் 13-வது ராஜபுத்திரப் படையும் ஒன்று. பட்டியலில் ராஜபுத்திரர் போர்க்குலம் ஆயிற்றே! எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்ட படையெடுப்பு, கடற்பயணத்தில் களைத்துத் துவண்ட வீரர், போதாத பயிற்சி, வேவு பார்க்காத தளபதி. இத்தனையும் சேர்ந்தால் எந்தக் குலத்தானும் பின்வாங்குவான். தோல்விக்குக் காரணம் தலைமை. பழியைச் சுமந்தது மட்டும் சிப்பாயின் பிறப்பு.

இந்த அநீதி நமக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. மராட்டியத்து மகர் மக்களைப் பாருங்கள். 1818 ஜனவரி 1-இல் கோரேகாவ் போரில் பேஷ்வாவின் பெரும்படையைத் தாக்குப்பிடித்து நின்ற பம்பாய்ப் படையில் அவர்கள் ஏராளம். அங்கே பீரங்கி இயக்கியவர்கள் மதராஸ் பீரங்கிப் படையார். டாக்டர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அப்படிப்பட்ட சமூகத்துக்கும் 1890-களில் பட்டாளத்தின் கதவை அடைத்தார்கள். 1917-இல் ஆள் பற்றாக்குறை வந்ததும் 111-வது மகர் படையைத் திரட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941-இல் மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. மகர் ரெஜிமெண்ட் மறுபடியும் பிறந்தது. தேவைப்பட்டால் வீரன்; தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன்!

மதராஸ் சேனையில் அழியாமல் நின்ற அங்கம் ஒன்று உண்டு. அதன் கதையைத்தான் உழைப்பாளித் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1780 செப்டம்பர் 30. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஜோசப் மூர்ஹவுஸ் என்ற அதிகாரி இரண்டு கம்பெனிகளைத் திரட்டினான். அவர்களுக்குப் பெயர் 'பயனீர்'. ஆயுதம் என்ன? கடப்பாரை, மண்வெட்டி, கோடரி. படை போகுமுன் காட்டை வெட்டிப் பாதை போட வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கட்ட வேண்டும். எதிரியின் கோட்டைச் சுவர்வரை பள்ளம் தோண்டிச் சென்று வெடி வைக்க வேண்டும். குண்டு பொழியும்போதும் மண்வெட்டியைக் கீழே போடக்கூடாது. மறு ஆண்டே சோளிங்கரில் போர் கண்டார்கள். 1831-இல் 'சாப்பர்ஸ்' ஆனார்கள். 1834 முதல் பெங்களூர் அவர்களுக்குத் தலைமையிடம். தமிழரும் தெலுங்கரும், முஸ்லிம்களும் கிறித்தவரும், ஊரிலே சேரிக்கு வெளியே கால்வைக்க முடியாதிருந்த ஆதிதிராவிடரும் அங்கே ஒரே பள்ளத்தில் நின்று மண் வெட்டினார்கள். இந்தியப் பட்டாளம் அவர்களுக்கு இட்ட செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'! இன்றும் மதராஸ் சாப்பர் என்றால் 'தம்பி'தான்.

மதராஸ் காலாட்படைக்கு வீரம் இல்லை என்று கலைத்தவர்கள், அதே ஊர்களில் பிறந்த, அதே தாய்மார் பெற்ற சாப்பர்களைக் கலைக்கவில்லை. ஏன்? பாலம் வேண்டும், பாதை வேண்டும். உழைப்பு இல்லாமல் பட்டாளம் ஓரடி நகராது. துப்பாக்கி பிடித்த அண்ணனுக்கு வீரம் இல்லையாம். துப்பாக்கியோடு மண்வெட்டியும் பிடித்த தம்பி மட்டும் வேண்டுமாம். இந்த ஒரு முரண்பாடே பட்டியலைக் கிழித்துப் போடப் போதாதா?

போதாது என்பாரானால் இன்னும் கேட்கட்டும். 1912-இல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக், முள்கம்பி வேலியைத் தகர்க்க நீண்ட குழாய்வெடி ஒன்றை உருவாக்கினார். 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகம் முழுவதும் அதற்குப் பெயர். 1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கடற்கரையில் ஹிட்லரின் வேலிகளைப் பிளந்தது அந்தக் குழாய்தான்.

அதே 1944-இல் இத்தாலியில் மிக்னானோ அருகே சாப்பர்கள் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். உடன் வந்த வீரர் ஒருவரின் காலடியில் வெடியின் பொறி தட்டியது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. விலகி ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம். சுபேதார் சுப்பிரமணியன் ஓடவில்லை. அந்த வெடியின்மேல் பாய்ந்து படுத்தார். அவர் உடல் சிதறியது; உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு 'ஜார்ஜ் சிலுவை' என்னும் உயர்ந்த விருது வழங்கப்பட்டது. தென்னாட்டானுக்கு வீரம் இல்லை என்றவர்கள் எங்கே?

நாடு விடுதலை பெற்றபின் 1948 இலையுதிர்காலம். லடாக்குக்குப் போகும் வழியான சோஜிலாக் கணவாயை எதிரிகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். உயரம் 11,500 அடிக்கு மேல். கோவேறு கழுதை போகும் தடம்; அதில் டாங்கியை ஏற்றுவது என்று தளபதி திம்மய்யா முடிவு செய்தார். தடத்தை அகலப்படுத்தியவர் யார்? மேஜர் தங்கராஜு தலைமையில் மதராஸ் சாப்பர்கள். பனியிலும் குளிரிலும் பாறையை வெடிவைத்துப் பிளந்தார்கள். நவம்பர் 1-இல் 7-வது லைட் காவல்ரியின் டாங்கிகள் கணவாயில் ஏறின. எதிரி திகைத்து ஓடினான். லேவுக்கு வழி திறந்தது. அந்த 7-வது காவல்ரியும் பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்ததுதான். டாங்கிக்குப் படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். மகிழ்ச்சி. பாதையை வெட்டியவன் பெயர் எத்தனை பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

இரண்டாம் உலகப்போர் பட்டியலின் முதுகெலும்பை முறித்தது. சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்தியப் பட்டாளம் 25 லட்சமாகப் பெருகியபோது, 'போர்க்குலங்கள்' மட்டும் எப்படிப் போதும்? கலைத்த மதராஸ் ரெஜிமெண்டை 1941-42-இல் மறுபடியும் எழுப்பினார்கள். விடுதலைக்குப் பின் அதன் கொடியில் 1948-இல் தித்வால், 1965-இல் மகாராஜ்கே, 1971-இல் பசந்தர் ஆறு என்று போர்ச் சிறப்புகள் ஏறின. வெலிங்டனில் அதன் பயிற்சிப் பாசறை. 'வீர மதராசி, அடி கொல்லு' என்பது அதன் போர்முழக்கம்.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை! 1949-இல் எல்லா வகுப்பாரும் கலந்த 'கார்ட்ஸ்' படையை அமைத்தார்கள், நல்ல தொடக்கம். 1971-இல் கங்காசாகரில் உயிர் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற ஆல்பர்ட் எக்கா அந்தப் படையைச் சேர்ந்தவர். அவர் ஓர் ஆதிவாசி. எந்த வெள்ளைக்காரன் பட்டியலிலும் எக்காவின் மக்களுக்கு இடமில்லை! ஆனால் அந்தத் தொடக்கம் முழுமை பெறவில்லை. குலத்தின் பெயராலும் வட்டாரத்தின் பெயராலும் ஆள் சேர்க்கும் காலாட்படைகள் நீடித்தன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவற் படைக்கு மூன்று சமூகத்தாரை மட்டுமே எடுக்கிறார்கள் என்று நீதிமன்றம்வரை வழக்குகள் போயின. குடியரசின் தலைவருக்குக் காவல் நிற்கவும் குலம் பார்ப்பதா?

2022 ஜூனில் 'அக்னிபத்' திட்டம் வந்தது. இனி எல்லா வகுப்பினரும் எல்லாப் படைகளிலும் என்று அரசு அறிவித்தது. அதை வரவேற்கிறோம், காகிதத்தில் நில்லாமல் நடைமுறைக்கு வரட்டும். ஆனால் அதே திட்டம், சேர்பவனுக்கு 4 ஆண்டு வேலை, பிறகு 100-க்கு 25 பேர்வரை மட்டுமே நிலைப்பார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு ஓய்வூதியமின்றி வீட்டுக்கு என்கிறதே! ஒரு கையால் பிறப்பின் பூட்டைத் திறந்து, மறுகையால் ஒப்பந்தக் கூலியின் பூட்டைப் போடுவதா? கண்ணிவெடியின்மேல் பாய்ந்து படுக்கச் சொல்லும் தேசம், அவன் முதுமைக்குச் சோறு போடாதா? தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் வீடு போய்ச் சேர் என்பது 1928-இன் குரல் அல்லவா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பட்டாளத்தில் ஆள் சேர்க்கும்போது உடலைப் பார், உறுதியைப் பார், பிறப்பைப் பார்க்காதே. சேர்த்த பின் அவன் வேலைக்கும் முதுமைக்கும் உறுதி கொடு. பள்ளிப் புத்தகத்தில் வாள் வீசியவனுக்கு இடம் கொடுத்ததுபோல, பாலம் கட்டியவனுக்கும் பாதை வெட்டியவனுக்கும் இடம் கொடு. வேலூரையும் சோஜிலாவையும் நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லக் கற்கட்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில், உங்கள் தெருவில், பட்டாளத்திலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவராவது இருப்பார். கழகக் கூட்டமோ தொழிற்சங்கக் கூட்டமோ, அடுத்த முறை அவரை மேடைக்கு அழையுங்கள். எந்தப் போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த ஆற்றில் பாலம் கட்டினீர்கள், எந்த மலையில் பாதை போட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்.

மண்வெட்டி பிடித்த கைக்கு வீரம் உண்டு. அதற்கு எந்தக் குலத்தின் முத்திரையும் தேவையில்லை.